கழுவிய கறுப்புக் காரில் வெள்ளை வட்டங்கள்: குழாயா, வெயிலா, ஆளா?

கேள்வி: 3 மார்ச் 2024, மாலை 6.20

சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறேன். ஆறு ஆண்டு ஓடிய கறுப்புக் கார் ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். முன்பு வைத்திருந்தது வெள்ளி நிறம். அதில் எதுவும் தெரியாது. இதைக் கழுவிக் காயவிட்டால் பானெட் முழுவதும் வெள்ளை வெள்ளையாய் வட்டம். ஷாம்பு மூன்று மாற்றிவிட்டேன். வினிகர் போட்டால் போகும் என்கிறார்கள். போடலாமா? பெயின்ட் போய்விடுமா?

பதில்: 3 மார்ச், இரவு 10.05

ஷாம்புவின் மேல் பழி போடாதீர்கள். குற்றவாளி குழாய்த் தண்ணீர்.

என்னுடையதும் கறுப்புக் கார்தான், நான்கு ஆண்டுகளாக. சுவா சூ காங்கில் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் நிற்கிறது. தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் கால்சியம், மெக்னீசியம், கொஞ்சம் சிலிக்கா எல்லாம் அதில் கரைந்திருக்கின்றன. தண்ணீர் ஆவியாகிவிடும், இவை ஆவியாகா. துளி இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும், பேனா அளவிலான ஒரு மீட்டர் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் குழாயில் வைத்தால் 130 காட்டுகிறது, அதாவது லிட்டருக்கு 130 மில்லிகிராம். பத்து லிட்டர் வாளியில் ஒரு கிராமுக்கு மேல் உப்பு. அதைத்தான் காரின் தலையில் ஊற்றுகிறீர்கள். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை வாங்கிக் கடைசியாக அலசுங்கள். கதை முடிந்தது.

4 மார்ச், காலை 7.15

முடியவில்லை. கேட்டது வினிகரைப் பற்றி. நான் மீட்டரைப் பற்றிப் பீற்றிக்கொண்டு தூங்கப் போய்விட்டேன்.

போடலாம். சமையலறையில் இருக்கும் வெள்ளை வினிகர் போதும், அதில் அசிட்டிக் அமிலம் ஏறக்குறைய 5 விழுக்காடு. அதே அளவு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து, துணியை நனைத்து, திட்டின் மேல் ஒரு நிமிடம் போர்த்தி வையுங்கள். தேய்க்க வேண்டாம். பிறகு தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசி உடனே துடையுங்கள். கார் நிழலில் நிற்க வேண்டும், தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சுடும் தகட்டில் வினிகரே காய்ந்து புதுத் திட்டுப் போடும். பெயின்ட் போகாது. மெழுகு பூசியிருந்தால் அது மெலியும், மறுபடி பூச வேண்டியிருக்கும். கல்லடி பட்டுத் தகடு தெரியும் இடங்களில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதன்முதலில் நான் இதைச் செய்த அன்று வீட்டில் ஒருவரும் காரில் ஏறவில்லை. வண்டி முழுக்க அச்சார் வாடை.

5 மார்ச், மதியம் 1.30

புள்ளியாக இல்லாமல் ஏன் வட்டமாக, ஓரம் மட்டும் தடித்து இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விடை இப்போது என் மேசையிலேயே இருக்கிறது. காப்பிக்கடையில் எனக்கு முன் உட்கார்ந்தவர் கோப்பி-ஓவை, அதாவது பால் சேர்க்காத காப்பியை, சிந்திவிட்டுப் போயிருக்கிறார். காய்ந்த கறையின் நடுவில் வெளிறிப்போய், ஓரத்தில் மட்டும் கறுத்த கோடு. 1997இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு விளக்கம் கண்டு நேச்சர் இதழில் எழுதினார்கள். துளியின் விளிம்பு பரப்பைப் பற்றிக்கொண்டு நகராமல் நிற்கிறது. ஆவியாவதும் விளிம்பில்தான் வேகம். அங்கே குறைகிற நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடி வருகிறது. வரும்போது தன்னிடம் இருப்பதையெல்லாம் அள்ளி வந்து எல்லையில் கொட்டுகிறது.

கூடவே இன்னொரு கேள்வி: தண்ணீரில் கரைந்து வந்தது மறுபடி தண்ணீர் விட்டால் ஏன் கரைவதில்லை? கால்சியம் குழாய் நீரில் பெரும்பாலும் பைகார்பனேட்டாகக் கரைந்து வருகிறது. காயும்போது கரியமில வாயு கழன்றுகொள்ள, மிஞ்சுவது கார்பனேட்டு. சுண்ணாம்புக் கல்லும் அதே சரக்குதான், மின்கெண்டியின் அடியில் படியும் வெள்ளையும் அதே சரக்குதான். வெறும் தண்ணீருக்கு அது மசியாது, அமிலத்துக்கு மசியும். வினிகர் வேலை செய்வது அதனால்தான். ஷாம்பு மாற்றிப் பயனில்லாமல் போனதும் அதனால்தான்.

9 மார்ச், காலை 11.40

தண்ணீர்ச் சுத்திகரிப்பில் வேலை செய்யும் நண்பர் மேலே நான் எழுதியதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் பேசினார்.

அந்த மீட்டர் உப்பை எடை போடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, ஒரு பெருக்கல் போட்டு எண்ணைக் காட்டுகிறது. இருப்பது கால்சியமா சோடியமா என்று அதற்குத் தெரியாது. சோடியம் உப்பு காய்ந்தாலும் அடுத்த அலசலில் போய்விடும். ஒட்டிக்கொண்டு அடம்பிடிப்பது கால்சியமும் சிலிக்காவும்தான். ஆகவே என் 130ஐ வைத்துக்கொண்டு உங்களை மிரட்டியது தவறு. வாளிக்கு ஒரு கிராம் கணக்கையும் மறந்துவிடுங்கள்.

தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் கருவி வாங்கலாமா என்று கேட்டவருக்கும் இதிலேயே விடை இருக்கிறது. அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். மீட்டரில் எண் இறங்காது, நீங்கள் கருவி பழுது என்று நினைப்பீர்கள், ஆனால் திட்டு எளிதில் துடைபடும். அயனிகளையே நீக்கும் பிசின் உருளை வேறு வகை; எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவரும், பிசின் தீர்ந்ததும் மாற்ற வேண்டும். அடுக்குமாடி வீட்டில் அதை எங்கே வைப்பது, மனைவியிடம் என்ன சொல்லி வைப்பது என்பவை தனிக் கேள்விகள்.

நண்பர் இன்னொன்றும் சொன்னார். இங்கே குழாயில் வருவது ஒரே ஊற்றுத் தண்ணீர் அல்ல. உள்ளூர் நீர்த்தேக்கங்கள், 1962 உடன்பாட்டின்படி 2061 வரை ஜொகூரிலிருந்து வரும் நீர், 2005இல் துவாசில் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு, 2003இல் வந்த புதுநீர், அதாவது மறுபடி சுத்திகரித்த கழிவுநீர். புதுநீரின் பெரும்பகுதி மின்னணுச் சில்லு ஆலைகளுக்கும் குளிரூட்டும் கோபுரங்களுக்கும் போகிறது. வறண்ட மாதங்களில் கொஞ்சம் நீர்த்தேக்கங்களிலும் விடுகிறார்கள். உங்கள் செங்காங் குழாயும் என் சுவா சூ காங் குழாயும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும் என்பதில்லை.

யோசித்துப் பார்த்தால், ஊரில் எங்கள் தாத்தா வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. பானையின் உட்புறம் வெள்ளை ஓடு கட்டும். அதோடு ஒப்பிட்டால் இங்கே வருவது இளநீர். அப்படியானால் என் காரில் மட்டும் ஏன் இத்தனை வட்டம்?

10 மார்ச், இரவு 8.50

அம்மாவிடம் புலம்பினேன். "குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பதில்லையா, காருக்கும் போடு" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால் சிரித்தது அநியாயம். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். கார்பனேட்டை அதுவும் அரிக்கும். சிக்கல் இரண்டு. புளியின் நாரும் சக்கையும் பித்தளைக்குச் சரி, கறுப்புப் பெயின்டில் கீறல் கோலம் போட்டுவிடும். அடுத்தது, கால்சியம் டார்ட்டரேட்டு நீரில் எளிதில் கரையாத பொருள். ஒரு வெள்ளையை எடுத்துவிட்டு இன்னொரு வெள்ளையை வைத்ததாக முடியும். கலமான்சி என்னும் சின்ன எலுமிச்சையைப் பிழிகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்; கால்சியம் சிட்ரேட்டும் கரைய மறுக்கும் சாதிதான். வினிகரோடு சேர்ந்து பிறக்கும் கால்சியம் அசிட்டேட்டு மட்டும் தண்ணீர் பட்டதும் நல்ல பிள்ளையாகக் கரைந்து போகும்.

அம்மாவிடம் இவ்வளவும் விளக்கினேன். "அப்படியென்றால் விளக்குக்கும் வினிகர் வாங்கித் தா" என்றார்.

16 மார்ச், மாலை 5.10

ஒரு நியாயமான எதிர்ப்பு வந்திருக்கிறது. மழைநீரில் கால்சியம் ஏது? மழையில் நனைந்து காய்ந்த காரிலும் வட்டம் இருக்கிறதே?

ஆண்டுக்கு ஏறத்தாழ 170 நாள் மழை பெய்யும் ஊரில் இதைக் கேட்காமல் விட முடியாது. எனக்கும் விடை தெரியவில்லை. அதனால் சோதனை செய்தேன். குளியலறை மாற்றியபோது மிஞ்சிய கறுப்புத் தரை ஓடு ஒன்றை மேல்தளத்தில் வெயிலில் வைத்து நான்கு சொட்டு விட்டேன். முதலாவது குழாய்த் தண்ணீர். இரண்டாவது, திறந்த கிண்ணத்தில் நேரே பிடித்த மழை. மூன்றாவது, மழை நின்றதும் பானெட்டில் தேங்கியிருந்ததை உறிஞ்சி எடுத்தது. நான்காவது வீட்டுக் குளிர்சாதனத்திலிருந்து வடியும் தண்ணீர். அதன் குழாய் எங்கள் குளியலறையில்தான் வந்து விழுகிறது.

குழாய்ச் சொட்டு மெல்லிய வட்டம் விட்டது. நேரே பிடித்த மழையில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. குளிர்சாதனத் தண்ணீரிலும் அப்படியே. பானெட்டில் தேங்கிய மழைநீர் விட்ட வட்டம்தான் நான்கிலும் தடிமன், சாம்பல் நிறம்.

மழை குற்றவாளி அல்ல, கூரியர்க்காரன். காரின் மேல் ஏற்கனவே இருப்பதைத்தான் வட்டம் வட்டமாகப் பொட்டலம் கட்டித் தருகிறது. என் கார் நிற்கும் தளத்துக்கு எதிரே ஓராண்டாகக் கட்டுமானம் நடக்கிறது. சிமெண்டுத் தூசியில் கால்சியத்துக்குப் பஞ்சமா? போதாக்குறைக்குச் சாலையோரம் தூங்குமூஞ்சி மரம்; அதில் சாறு உறிஞ்சும் பூச்சிகள் விடும் பிசுபிசுப்பு வேறு. 2013 ஜூனில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்ட புகைமூட்டத்தின்போது வைத்திருந்த பழைய வெள்ளைக் காரில்கூடச் சாம்பல் வட்டங்களைப் பார்த்த நினைவு வருகிறது. அப்போது தண்ணீரைத்தான் திட்டினேன்.

தூறல் மட்டும் போட்டு நின்ற நாள்தான் மோசம். நன்றாகக் கொட்டினால் தூசியை அடித்துக்கொண்டு போய்விடும்.

17 மார்ச், காலை 6.55

குளிர்சாதனத் தண்ணீரை வாளியில் சேர்க்கத் தொடங்கியவர்களுக்கு அவசரக் குறிப்பு. மூடி வையுங்கள், ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள். நம் வெப்பத்தில் ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஒரு வாரம் போதும். அதிகாரி வந்து வாளியைப் பார்த்தால் "காருக்குக் கடைசி அலசல்" என்ற விளக்கம் எடுபடாது. குடிக்கவும் கூடாது, அதில் தூசியும் பூஞ்சையும் இருக்கும். என் மீட்டரில் அது 12 காட்டுகிறது. மீட்டரைப் பற்றி நான் பேசக் கூடாதுதான்.

23 மார்ச், இரவு 9.30

இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் தளத்தில் மாதக் கட்டணத்துக்குக் கார் கழுவும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். திருவாரூர்ப் பக்கம். விடிவதற்கு முன் இரண்டு வாளியும் நான்கு துணியுமாக வந்து ஏழெட்டு வண்டிகளை முடித்துவிடுவார். அவர் கழுவும் கறுப்புக் கார் ஒன்று என்னுடையதற்கு மூன்றாவது இடத்தில் நிற்கிறது. அதே குழாய், அதே கட்டுமானத் தூசி, அதே மரம். அதில் ஒரு வட்டம்கூட இல்லை. நான்கு ஆண்டுகளாக அதைக் கடந்துதான் போகிறேன்.

இன்று கேட்டேன். "அண்ணே, என்ன தண்ணீர் பயன்படுத்துகிறீர்கள்?"

"குழாய்த் தண்ணீர்தான் தம்பி. நீங்கள் கழுவிவிட்டு எங்கே போகிறீர்கள்?"

எங்கே போகிறேன்? ஞாயிறு காலை எட்டரைக்குக் கழுவுவேன். ஒரு துணியால் மேலோட்டமாக இழுத்துவிட்டுக் கீழே கடையில் பரோட்டா சாப்பிடப் போவேன். இரண்டு வெறும் பரோட்டா, ஒரு முட்டைப் பரோட்டா, ஒரு தே தாரிக், கொஞ்சம் செய்தித்தாள். திரும்பி வரும்போது கார் காய்ந்து "தயாராக" இருக்கும்.

"தண்ணீர் தானாகக் காயக் கூடாது தம்பி, நாம்தான் காய வைக்க வேண்டும்" என்றார். "நான் ஒரு கதவைக் கழுவினால் அந்தக் கதவைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த கதவைத் தொடுவேன்."

மார்ச் 20ஐ ஒட்டிய நாட்களில் நண்பகலில் சூரியன் நமக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கிறது. காலை ஒன்பதரைக்கே மேல்தளத்தில் கறுப்புத் தகட்டில் கை வைக்க முடியவில்லை. அதில் முக்கால் மணி நேரம் துளிகளைப் பொரியவிட்டுவிட்டுத்தான் குழாயையும் மழையையும் மரத்தையும் வரிசையாகக் கூண்டில் ஏற்றினேன்.

24 மார்ச், காலை 9.20

இன்று செய்தது. ஏழேகாலுக்குத் தொடங்கினேன், அப்போதுதான் விடிந்திருந்தது. மேல்தளத்தில் அல்ல, காரை ஒரு தளம் கீழே கூரையின் அடியில் கொண்டுபோய் நிறுத்தி. மேலிருந்து கீழாக, கூரை முதலில். ஒரு பகுதி கழுவி, அலசி, துடைத்து, பிறகு அடுத்தது. அதுவரை மற்றப் பகுதிகளில் சோப்பு படவே இல்லை.

அலசுவதற்கு நீளக் குழாய் இழுக்க எங்கள் தளத்தில் வசதி இல்லை. தொட்டிச் செடிக்கு ஊற்றும் பூவாளியின் தலையைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்தினேன். தெளித்தால் ஆயிரம் துளி நிற்கும். தலையில்லாத பூவாளியைத் தகட்டுக்கு அருகில் பிடித்து மெதுவாகச் சாய்த்தால் தண்ணீர் ஒரே விரிப்பாகச் சறுக்கி, போகும்போது நிற்கும் துளிகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. துடைக்க மிஞ்சுவது கொஞ்சம்தான்.

துணி, தடித்த மைக்ரோஃபைபர் துண்டு. விரித்துப் போட்டு இரு முனைகளையும் பிடித்து இழுக்க வேண்டும், அழுத்தக் கூடாது. அதைத் துவைக்கும்போது மென்மையாக்கும் திரவம் விடாதீர்கள். இழை வழுவழுத்துப் போய்த் தண்ணீரைக் குடிக்காது. இதை நான் துண்டு ஒன்றைப் பலிகொடுத்துக் கற்றேன்.

கடைசியில் குளிர்சாதன நீர் தோய்ந்த துணியால் ஒரு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை. பிறகு கதவுகளைத் திறந்து அடி விளிம்பைத் துடைத்தேன், பக்கக் கண்ணாடிகளை மடக்கி விரித்தேன். கண்ணாடிக் கூட்டுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர் அரை மணி கழித்து வந்து கதவில் கண்ணீர்க் கோடு போடும். பெட்ரோல் மூடி, பின் எண் தகடு, பின் விளக்கின் சந்து, எல்லாம் அதே கட்சி.

பரோட்டா ஒன்பதுக்கு.

30 மார்ச், மதியம் 12.15

"துளி உருப்பெருக்கிக் கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துப் பெயின்டைச் சுடுகிறது" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். நானும் பல காலம் நம்பியதுதான். தட்டையான பரப்பில் குந்தியிருக்கும் துளியின் குவியம் பரப்புக்கு மேலே விழாது, அடியில் எங்கோ விழும். ஹங்கேரிய ஆய்வாளர்கள் 2010இல் இலைகளை வைத்துச் சோதித்தார்கள். கண்ணாடிக் குண்டுகள் இலையைச் சுட்டன, வழுவழுப்பான இலையில் நின்ற தண்ணீர்த் துளிகள் சுடவில்லை. வெயிலின் குற்றம் சூடாக்கி வேகமாகக் காய வைப்பது. லென்ஸ் வழக்கில் அதற்கு விடுதலை.

மெழுகு போட்டால் திட்டு வராது என்று எழுதியவரோடும் சண்டை இருக்கிறது. மெழுகு போட்ட தகட்டில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், படம் எடுக்க அழகு. ஒவ்வொரு முத்தும் நாளைய வட்டம். மெழுகின் பயன் வேறு: வட்டம் மெழுகின் மேல் விழும், பெயின்டின் மேல் அல்ல. துடைக்கச் சோம்பல்படுகிறவருக்கு அது இன்னும் நிறைய முத்துகளைத்தான் கொடுக்கும்.

6 ஏப்ரல், இரவு 11.00

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். வினிகரில் பாதி போய்விட்டதாம், பாதி போகவில்லையாம்.

போகாதவை கறை அல்ல, தழும்பு. கறை பெயின்டுக்கு மேலே இருக்கிறது. தழும்பு பெயின்டிலேயே விழுந்த பள்ளம். நன்றாகக் கழுவித் துடைத்த பிறகும் வட்டத்தின் வடிவம் வெளிச்சத்தில் தெரிந்தால் அமிலத்தால் இனி ஆவது ஒன்றும் இல்லை. காருக்கென்று விற்கும் களிமண் கட்டியைத் தேய்ப்பது ஒட்டியிருக்கும் துகளை எடுக்கும், பள்ளத்தை நிரப்பாது. பாலிஷ் போட்டுச் சுற்றியிருக்கும் மேட்டைப் பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்க வேண்டியதுதான். மேலே இருக்கும் தெளிபூச்சு பொதுவாக 40 முதல் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் தின்னும். முந்தைய உரிமையாளர் எத்தனை முறை தின்றார் என்பது உங்களுக்குத் தெரியாது. ஆகவே பூச்சின் தடிமனை அளக்கும் கருவி வைத்திருக்கும் பட்டறைக்குப் போங்கள். 2023 அக்டோபரில் சிறிய கார் ஒன்றை வைத்திருக்கும் உரிமைக்கான சான்றிதழே 106,000 வெள்ளிக்குப் போன ஊரில், காரைத் தகடு வரை சுரண்டிப் பழக வேண்டாம்.

முன்கண்ணாடியில் படிந்தது வினிகருக்கு மசியாவிட்டால் சீரியம் ஆக்சைடு தூளால் மெருகேற்றலாம், பொறுமை வேண்டும். ஒரு எச்சரிக்கை: "உடனே நீக்கும்" என்று விற்கும் சில திரவங்களில் அம்மோனியம் பைஃபுளூரைடு அல்லது ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் இருக்கும். கண்ணாடியையே அரிக்கும் சரக்கு, தோலில் பட்டால் வலி தெரிவதற்கு முன்பே உள்ளே இறங்கிவிடும். லேபிளில் அந்தப் பெயர்கள் இருந்தால் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

என் காரிலும் ஒரு தழும்பு இருக்கிறது. வாங்கிய புதிதில் கோயிலில் பூசை போட்டபோது பானெட்டில் இட்ட திருநீற்றுப் பட்டை. ஈரச் சாம்பல், காரத்தன்மை, அதன் மேல் வெயில். அம்மா ஒரு வாரத்துக்குத் துடைக்கவிடவில்லை. மூன்று கோடு இன்றும் சாய்வான வெளிச்சத்தில் தெரிகிறது. பட்டறைக்காரர் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம் என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

14 ஏப்ரல், காலை 10.40

புத்தாண்டு வாழ்த்துகள். ஏழு மணிக்குக் கழுவினேன், எட்டுக்குள் துடைத்து முடித்தேன், ஒரு வட்டம் இல்லை. அண்ணன் வந்து பானெட்டின் மேல் குனிந்து பார்த்தார். "இப்போது சரி" என்றார். பிறகு விரலால் அந்த மூன்று கோட்டைத் தடவி, "இதை எடுக்கவில்லையா?" என்றார்.

அம்மா இருக்கும் வரை எடுப்பதாக இல்லை என்றேன்.

எட்டேகாலுக்குத் தூறல் போட்டது. இருபது சொட்டு இருக்கும், அதற்கு மேல் இல்லை. உடனே வெயில் வந்துவிட்டது. பரோட்டாவைப் பாதியில் வைத்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.